லைட் சுவிட்ச் வைத்த கேம் பெட்டி

ரிட்டர்ன் ஜாப்

சேகர் அந்தக் கேம் பெட்டியை இடது கையால் கவுண்டர் மேல் என் பக்கமாகத் தள்ளினார். "மேடம், இதை நீங்களே வெச்சுக்குங்க. உள்ள இருக்கற பார்ட்ஸ் உங்களுக்கு எதுக்காவது ஆகும். எனக்கு வேணாம்" என்றார்.

இரண்டாயிரம் பிறந்து ஒன்றிரண்டு வருடங்கள் ஆகியிருக்கும். சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் அமீர் பாயின் ரிப்பேர் கடையில் நான் பெஞ்ச் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். டிவி, டேப் ரெகார்டர், விசிடி பிளேயர், எது வந்தாலும் திறந்து பார்ப்போம். சரிசெய்து கொடுத்த பொருள் அதே கோளாறோடு திரும்பி வந்தால் அதற்கு ரிட்டர்ன் ஜாப் என்று பெயர். ஒரு முறை வந்தால் பார்ட்ஸ் மேல் பழியைப் போட்டுவிடலாம். இரண்டாம் முறை வந்தால் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறவர் மேல்தான் விழும். சேகரின் பெட்டி வந்தது மூன்றாம் முறை.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். யார் எதைச் சொன்னாலும் பதில் தயாராக இருக்கும் என்று பாய் கிண்டல் செய்வார். சண்டை போடுகிற கஸ்டமரைச் சமாளித்துவிடலாம். இப்படி ஒதுங்கிப் போகிறவரை என்ன செய்வது?

அந்தப் பெட்டி அவருக்கு விளையாட்டுச் சாமான் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சேகர் சந்தாபுராவில் குடியிருந்தார். பொம்மசந்திரா பக்கம் ஒரு தொழிற்சாலையில் குவாலிட்டி இன்ஸ்பெக்ஷன் வேலை. மைக்ரோமீட்டரை விரலால் திருகித் திருகி அளவு பார்க்க வேண்டும். ஓசூர் ரோட்டில் வண்டியிலிருந்து விழுந்ததில் வலது தோளில் நரம்பு அடிபட்டு, கை முழுக்கத் தொங்கிப்போனது. தோளும் முழங்கையும் மெல்ல மெல்லத் திரும்பின. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. கம்பெனியில் அவரைக் கேட் காவலுக்கு உட்காரவைப்பதாகச் சொன்னார்களாம். அவர் போகவில்லை.

பிசியோதெரபியில் ரப்பர் பந்தைப் பிசையச் சொன்னார்கள். அது அலுத்துப்போய், சின்ன வயதில் மாமா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த பழைய டிவி கேமைப் பரணிலிருந்து இறக்கியிருக்கிறார். ஒரு குட்டி ஆள் பள்ளம் பள்ளமாகத் தாண்டிப் போகிற கேம். வலது கட்டைவிரலால் பட்டனை எவ்வளவு நேரம் அழுத்திப் பிடிக்கிறோமோ அவ்வளவு தூரம் அவன் குதிப்பான். விரலில் பலம் இல்லாவிட்டால் முதல் பள்ளத்திலேயே விழுந்து சாவான்.

"கை எப்படி இருக்குன்னு டாக்டர் கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது மேடம். நாலாவது ஸ்டேஜ்ல இருக்கேன்னு சொல்லத் தெரியும்" என்று முதல் முறை வந்தபோது சொன்னார்.

ஒவ்வொரு ஸ்டேஜ் முடிந்ததும் அவர் பெயரோடு அது பெட்டியில் செருகுகிற கேம் கேசட்டில் சேவ் ஆகும். மறுநாள் விட்ட இடத்திலிருந்து ஆடலாம். அந்த சேவ்தான் திடீர் திடீரென்று அழிந்துகொண்டிருந்தது. நாலாவது ஸ்டேஜில் இருந்தவர் காலையில் ஆன் செய்தால் பெயரே இருக்காது. மறுபடியும் முதல் பள்ளம். மூன்றாம் முறை அழிந்ததும் அவருக்குப் போதும் என்றாகிவிட்டது. கேமை விட்டால் விரலையும் விட்டுவிடுவார் என்பது அவர் நின்ற நிலையிலேயே தெரிந்தது.

எல்லோரும் சந்தேகப்பட்ட சுவிட்ச்

அந்தப் பெட்டியைப் பார்த்தவுடன் யாருக்கும் சிரிப்பு வரும். மேல் மூடியின் வலது மூலையில், வீட்டுச் சுவரில் டியூப் லைட்டுக்கு வைப்போமே, அந்த வெள்ளை சுவிட்ச் உட்கார்ந்திருக்கும்.

ஒரிஜினல் சுவிட்ச் நகத்தளவு இருக்கும். இரண்டு விரலால் பிடித்துத் தள்ள வேண்டும். சேகரின் வலது கைக்கு அது முடியாது. இடது கையால் தள்ளினால் பெட்டியே மேஜையில் நகர்ந்து போகும். மனைவி தனம் கார்மெண்ட்ஸில் வேலை செய்கிறவர். காலையில் போனால் இருட்டியபின்தான் வருவார். ஒரு சுவிட்சைப் போடப் பக்கத்து வீட்டில் ஆள் கூப்பிட சேகருக்கு மனம் வரவில்லை. அவரோடு வேலை செய்த மஞ்சுநாத் என்பவர் மூடியில் சதுரமாக ஓட்டை போட்டு, அரம் போட்டுத் தேய்த்து, லைட் சுவிட்சைப் பொருத்திக் கொடுத்திருந்தார். உள்ளங்கையின் ஓரத்தால் ஒரு தட்டு தட்டினால் ஆன். அவ்வளவு சுத்தமான ஃபைலிங்கை நான் கம்பெனியில் செய்த பொருளில்கூடப் பார்த்ததில்லை.

முதல் முறை வந்தபோது கேசட்டைத் திறந்தேன். உள்ளே ஒரு பட்டன் செல் இருக்கும். கரண்ட் இல்லாதபோது சேவைக் காப்பாற்றுவது அதுதான். பழையதாக இருந்தது, மாற்றிக் கொடுத்தேன். நான்கு வாரத்தில் திரும்பி வந்தது.

இரண்டாம் முறை என் கண் லைட் சுவிட்ச் மேல் போனது. போகாமல் இருக்குமா? சுவரில் ஏசி கரண்டுக்கு இருக்க வேண்டியதைக் கொண்டுவந்து டிசி லைனில் போட்டிருக்கிறார்கள். தட்டும்போது உள்ளே கான்டாக்ட் துள்ளும், பொறி பறக்கும். அந்தத் துள்ளலில் மெமரி குழம்பியிருக்கலாம். புது சுவிட்ச் போட்டேன், வயரைத் தடிமனாக மாற்றினேன், சால்டரிங் எல்லாம் மறுபடி செய்தேன், துள்ளலை அடக்க ஒரு கண்டென்சரும் சேர்த்தேன். அப்போது கேசட்டில் சேகர் புதிதாக ஆடிய சேவ் ஒன்று இருந்தது. கடையிலேயே இருக்கிற பெஞ்ச் பவர் சப்ளையில் மாட்டி, உள்ளங்கை சிவக்கிற வரை ஆன் ஆஃப் செய்து பார்த்தேன். சேவ் அப்படியே இருந்தது. ஓகே போட்டுக் கொடுத்தேன்.

அதுவும் திரும்பி வந்துவிட்டது. சேகர் கவுண்டரில் நிற்க, பாய் என்னை உள்ளே கூப்பிட்டார்.

"அரே ரெஜினா, அந்த லைட் சுவிட்சைத் தூக்கிப் போடும்மா. ஒரிஜினல் சுவிட்சையே மாட்டிக் குடு. மாடிஃபை பண்ண மாலுக்கு நாம கேரண்டி இல்லைன்னு சொல்லிடு. அவ்ளோதான்."

"ஒரிஜினலை மாட்டினா அவரால ஆன் பண்ண முடியாது பாய்."

"தெரியுது. ஆனா மூணு தபா வந்துடுச்சே. வெளியில நம்ம பேர் என்னாவும்?"

அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனாலும் அந்த வெள்ளை சுவிட்ச் மேல் இருந்த சந்தேகம் எனக்குப் பாதி போய்விட்டிருந்தது. அதை அவ்வளவு தட்டியும் ஒரு தடவைகூட என்னிடம் தப்பு செய்யவில்லை.

கவுண்டருக்கு வந்து சேகரிடம் கேட்டேன். "எப்ப எப்ப அழிஞ்சுதுன்னு ஞாபகம் இருக்கா?"

"காலைலதான் மேடம். ஆன் பண்ணா இருக்காது."

"எந்தக் கிழமை?"

அவர் யோசித்தார். "திங்கக்கெழமை. மூணு வாட்டியும் திங்கக்கெழமைதான்."

"ஞாயித்துக்கெழமை வீட்ல என்ன நடக்குது?"

"ஒண்ணும் நடக்காதே. அவ வீட்ல இருப்பா. கறி எடுப்போம்."

திங்கட்கிழமை பார்த்துக் கெட்டுப்போகிற மெஷின் உலகத்தில் கிடையாது. அதற்குக் காலண்டர் தெரியாது. அப்படியென்றால் ஞாயிறு அன்று அந்த வீட்டில் ஏதோ ஒன்று மற்ற நாள் மாதிரி இல்லை.

"பெட்டியை எடுத்துட்டுப் போங்க. பார்ட்ஸுக்கெல்லாம் நான் வாங்க மாட்டேன். வர்ற ஞாயித்துக்கெழமை நானே வீட்டுக்கு வர்றேன்" என்றேன். கொஞ்சம் அதட்டலாகத்தான் சொன்னேன். அதனாலோ என்னவோ, மறுபேச்சு இல்லாமல் எடுத்துக்கொண்டு போனார்.

ஞாயிற்றுக்கிழமை

காலைப் பூசை முடிந்ததும் மார்க்கெட்டில் பஸ் மாறி சந்தாபுராவில் இறங்கினேன். பையில் மீட்டரும் சால்டரிங் அயர்னும் இருந்தன. மாடியில் ஒரு ஹால், ஒரு சமையலறை. தனம் என்னைப் பார்த்ததும், "அக்கா, கறி வாங்கியிருக்கேன், நீங்க சாப்புட்டுத்தான் போவணும்" என்று அப்போதே சட்டம் போட்டுவிட்டார்.

"நீங்க எப்பவும் ஆடற மாதிரி ஆடுங்க. நான் சும்மா உக்காந்திருக்கேன்" என்று சேகரிடம் சொன்னேன்.

உள்ளங்கை ஓரத்தால் சுவிட்சைத் தட்டினார். டிவியில் குட்டி ஆள் வந்தான். இத்தனை நாளும் அந்தப் பெட்டியின் உள்பக்கத்தைத்தான் பார்த்திருந்தேன். அதை ஒருவர் ஆடுவதை அன்றுதான் பார்த்தேன். பட்டன் மேல் இருந்த கட்டைவிரல் நடுங்கிக்கொண்டே இருந்தது. அழுத்தும்போது கழுத்து நரம்பு புடைத்தது. ஒரு சின்னப் பள்ளத்தைத் தாண்டுவதற்குள் நெற்றியில் வியர்வை. விழுந்தார், மறுபடி ஆரம்பித்தார், மறுபடி விழுந்தார். உதவி செய்யலாம் என்று என் கட்டைவிரலும் மடியில் தானாக அழுத்திக்கொண்டிருந்தது. ஒருவழியாக முதல் ஸ்டேஜ் முடிந்தது. பெயர் போட்டு சேவ் ஆனது.

"ஆச்சா? சோறு போடட்டுமா?" என்று சமையலறையிலிருந்து தனம் கேட்டார்.

"போடு" என்றார் சேகர்.

தனம் இரண்டு கையிலும் இரண்டு தட்டோடு வந்தார். டிவிக்கும் கேமுக்குமாகத் தரையில் ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கிடந்தது. போகிற போக்கில், தட்டு கொஞ்சமும் ஆடாமல், கால் பெருவிரலால் அதன் சுவிட்சைத் தட்டி அணைத்தார். டிவியும் கேமும் ஒன்றாக அணைந்தன.

"தனம், நில்லும்மா!" என்று கத்திவிட்டேன். பாவம், தட்டைக் கீழே போடாதது ஆச்சரியம்.

"எப்பவும் இப்படித்தான் அணைப்பீங்களா?"

"ஆமாக்கா. இவரு அந்தப் பொட்டியில தட்டி அணைப்பாரு. எனக்கு என்னமோ அது நம்பிக்கை இல்ல. பாயிண்ட்ல அணைச்சாத்தான் அணைஞ்ச மாதிரி."

எக்ஸ்டென்ஷன் பாக்ஸை மறுபடி போட்டேன். குட்டி ஆள் வந்தான். பெயர் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது.

அங்கேயே எனக்குப் புரிந்துவிட்டது. பெட்டியின் சுவிட்சைத் தட்டினால் கரண்ட் பட்டென்று நிற்கும். பாயிண்டில் அணைத்தால் அப்படி நிற்காது. பெட்டிக்குக் கரண்ட் கொடுக்கிற அடாப்டருக்குள் ஒரு பெரிய கண்டென்சர் இருக்கிறது. அதில் மிச்சம் இருக்கிற கரண்ட் கொஞ்சம் கொஞ்சமாக வடியும். அந்த நேரத்தில் உள்ளே இருக்கும் சிப், பாதித் தூக்கத்தில் உளறுகிற ஆள் மாதிரி, கண்டதையும் மெமரியில் எழுதிவிடும். எல்லாத் தடவையும் எழுதாது, சில தடவை எழுதும். மற்ற நாளில் தனம் வருவதற்குள் சேகரே தட்டி அணைத்திருப்பார், ஞாயிறு மட்டும்தான் தனத்தின் கால். கடையில் நான் பெஞ்ச் சப்ளையை வைத்துத் தட்டிக்கொண்டிருந்தேன். அடாப்டர் சந்தாபுராவிலேயே இருந்துவிட்டது. கோளாறு கடையில் எப்படிக் கண்ணில் படும்?

இதை நான் விளக்கிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே தனத்தின் முகம் மாறிப்போனது.

"அப்ப இத்தினி நாளும் நாந்தானா அக்கா?"

நான் ரொம்ப நேரம் யோசிக்கவில்லை. "இல்ல தனம். பாயிண்ட்ல அணைக்கறது நல்ல பழக்கம். எங்க வீட்ல நானும் அப்படித்தான் அணைக்கறேன். கரண்ட் கட் ஆனாலும் இதேதான் நடந்திருக்கும். அதைத் தாங்காதது இந்தப் பெட்டியோட குறை" என்றேன். ஆறுதலுக்காகச் சொன்ன பொய் இல்லை, தொழில்படி அதுதான் உண்மை. ஆனால் அவருக்கு அது காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. புருஷனின் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

சேகர் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. "சோறு ஆறுது, உக்காரு" என்றார். மூன்று பேரும் சாப்பிட்டோம். கறி நன்றாக இருந்தது. தனம் மட்டும் தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

கிளம்பும்போது பெட்டியையும் அடாப்டரையும் என் பையில் வைத்துக்கொண்டேன். சேகர் வாசல்வரை வந்தார். "சரி பண்ணுங்க மேடம். ஆனா நான் மறுபடி மொதல்லேர்ந்து ஆடுவேனான்னு தெரியல. வெரல் ஒருவாட்டி செய்யும். நாலு வாட்டி, அஞ்சு வாட்டின்னா மனசு செய்யாது" என்றார்.

ஜீனர் டப்பா

மறுநாள் பாயிடம் சொன்னேன். அவருக்கு ஒரே சந்தோஷம்.

"கண்டுபிடிச்சுட்டேல்ல? பாயிண்ட்ல அணைக்காதேன்னு அந்தப் பொண்ணுகிட்ட சொல்லு. காம் கதம், வேலை முடிஞ்சுது."

"கரண்ட் போனா?"

"க்யா?"

"சந்தாபுராவுல கரண்ட் எப்ப போவும், எப்ப வரும்னு உங்களுக்குத் தெரியுமா பாய்? நாளைக்கு கரண்ட் போயி அழிஞ்சாலும் அந்தப் பொண்ணு தன் கால் பட்டுடுச்சோன்னுதான் நினைப்பா. இனிமே அந்த வீட்ல நடக்கவே பயப்படுவா."

பாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவரைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நான் ஐடிஐ முடித்து வேலை தேடிய காலத்தில், பெண் என்றால் கவுண்டரில் உட்கார்ந்து ரசீது போடச் சொல்லுவார்கள். நான்கைந்து கடைகளில் அப்படிக் கேட்டுவிட்டு இங்கே வந்தேன். பாய் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "சால்டரிங் வருமா?" வரும் என்றேன். பெஞ்சைக் காட்டினார். அதற்கப்புறம் நாங்கள் போடாத சண்டை இல்லை, ஆனால் அந்தப் பெஞ்ச் என்னுடையது என்பதில் மட்டும் சந்தேகமே வந்ததில்லை. அதற்கு அவருக்கு எப்போதும் கடமைப்பட்டவள் நான்.

அன்றும் சண்டைக்குத் தயாராக நின்றேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "ஜீனர் எல்லாம் அந்த மஞ்சள் டப்பாவுல இருக்கு" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

வேலை பெரிதொன்றும் இல்லை. ஒரு ஜீனர் டயோடு, ஒரு டிரான்சிஸ்டர், இரண்டு மூன்று ரெசிஸ்டர். அடாப்டரிலிருந்து வரும் ஒன்பது வோல்ட் இறங்க ஆரம்பித்து ஏழைத் தொடும்போதே, இந்தக் குட்டி சர்க்யூட் ரீசெட் லைனை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். சிப்புக்கு இன்னும் தெளிவு இருக்கும்போதே அதன் வாயைப் பொத்திவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறகு கரண்ட் எவ்வளவு மெதுவாக வடிந்தாலும் உளற முடியாது. லைட் சுவிட்சுக்குக் கீழே, மூடிக்குள் இருந்த காலி இடத்தில் அது கச்சிதமாக உட்கார்ந்தது. மஞ்சுநாத் அங்கே இடம் விட்டு வைத்திருந்த மாதிரி இருந்தது.

மீட்டரில் எல்லாம் சரி. ஆனால் சேவ் நிற்கிறதா என்று பார்க்க முதலில் ஒரு சேவ் வேண்டும். கேசட் காலி. முதல் ஸ்டேஜை யாராவது ஆடி முடித்தால்தான் சேவ் ஆகும்.

நான் உட்கார்ந்தேன். முதல் பள்ளத்தில் விழுந்தேன். எத்தனை தடவை ஆடினாலும் அந்தப் பள்ளத்தைத் தவிர வேறு எதையும் நான் பார்க்கவில்லை. பாய், "ஹடோ, ஹடோ" என்று என்னை நகர்த்திவிட்டு ஆடினார். அவருடைய ஆள் பள்ளம்வரைகூடப் போகவில்லை. எதிரே வந்த ஆமையிடம் போய் முட்டி முட்டிச் செத்தான். ரிப்பேருக்குக் கொடுத்த டிவியை வாங்க வந்திருந்த ஒரு அம்மாள் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, கடை திறந்திருக்கிறதா இல்லையா என்று கன்னடத்தில் கேட்டார்.

அப்போதுதான் எனக்குத் தோன்றியது. சேகரின் வீட்டுக்குக் கீழே இருந்த எஸ்டிடி பூத்துக்கு ஃபோன் போட்டு அவரைக் கூப்பிடச் சொன்னேன்.

"வேலை முடிஞ்சுது. ஆனா டெஸ்ட் பண்ண முடியலை. எங்க ரெண்டு பேரால முதல் ஸ்டேஜே தாண்ட முடியலை. நீங்க வந்து ஆடிக் குடுக்கணும்."

"நெஜமாவா மேடம்?"

"பாயைக் கேளுங்க. ஆமைகிட்ட செத்துட்டு உக்காந்திருக்காரு."

அந்தப் பக்கம் ஒரு சின்னச் சிரிப்பு கேட்டது. "வர்றேன்" என்றார்.

பெஞ்சில் கஸ்டமர்

எங்கள் கடையில் கஸ்டமரைப் பெஞ்சுப் பக்கம் விடுகிற வழக்கம் கிடையாது. அன்றைக்கு என் ஸ்டூலில் சேகர் உட்கார்ந்தார். நான் நின்றேன்.

லைட் சுவிட்சைத் தட்டினார். ஆட ஆரம்பித்தார். முதலில் விழுந்தார். "விரலைச் சூடு பண்ணிக்கறேன்" என்றார். அடுத்ததில் பள்ளத்தைத் தாண்டினார். பாய், "ஷாபாஷ்!" என்று கையைத் தட்டினார். ஆமையைத் தாண்டியபோது அதைவிடப் பெரிய சத்தம் போட்டார், அவருக்கு அதன் மேல் தனிக் கோபம் இருந்தது. ஸ்டேஜ் முடிந்தது. பெயர் வந்தது. சேவ்.

"அணைங்க பாய்" என்றேன்.

பாய் பாயிண்டில் அணைத்தார். மெதுவாக எண்ணி, மறுபடி போட்டேன். பெயர் இருந்தது.

சேகர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இன்னொரு வாட்டி" என்றார்.

இன்னொரு முறை. பெயர் இருந்தது. பாய்க்கு உற்சாகம் வந்துவிட்டது. ப்ளக்கைப் பிடுங்கினார், அடாப்டர் பின்னை உருவினார், கடையின் மெயினையே அணைத்தார். நான் பதறிப் பதறிப் போட்டேன். ஒவ்வொரு முறையும் பெயர் இருந்தது. எல்லாம் முடிந்து பெட்டியைக் கட்டலாம் என்று திரும்பினால், சேகர் இரண்டாவது ஸ்டேஜை ஆட ஆரம்பித்திருந்தார். டெஸ்டுக்கு ஒன்று போதுமே என்று சொல்ல வாயெடுத்தேன். பாய் கண்ணாலேயே என்னை அடக்கினார். கேட்டுக்கொள்கிற ஆள் இல்லை நான், ஆனால் அன்றைக்குக் கேட்டுக்கொண்டேன். என் ஸ்டூல் சாயங்காலம்வரை எனக்குத் திரும்பக் கிடைக்கவில்லை.

போகும்போது ஒன்று சொல்லி அனுப்பினேன். "இன்னிக்கு வீட்ல ஆடி முடிச்சதும் நீங்க அணைக்காதீங்க. தனத்தையே பாயிண்ட்ல அணைக்கச் சொல்லுங்க. அவங்க மாட்டேன்னுதான் சொல்லுவாங்க. விடாதீங்க."

மறுநாள் காலை கடை திறந்ததும் ஃபோன் அடித்தது. தனம்தான். வேலைக்குப் போகிற அவசரத்தில் பூத்திலிருந்து பேசினார். பின்னால் பஸ் சத்தம்.

"அக்கா, ராத்திரி அணைக்கவே மாட்டேன்னு அழுதேன். இவரு விடல. கண்ணை மூடிக்கினு கால்லயே அணைச்சேன். இப்ப போட்டுப் பாத்தோம்."

"இருக்கா?"

"இருக்குதுக்கா. அவரு பேரு அப்படியே இருக்குது."

அவர் அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. ஃபோனை வைத்துவிட்டுத் திரும்பினால் பாய் என்னவென்று கேட்டார். கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன்.

நான் கற்றுக்கொண்டது

இப்போது வேலைக்கு வருகிற பிள்ளைகள் என்னைவிட நன்றாகப் படித்தவர்கள். அவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ரிட்டர்ன் ஜாப் வந்தால் பெட்டியைத் திறப்பதற்கு முன்னால் வீட்டைக் கேளுங்கள். யார் போடுகிறார்கள், யார் அணைக்கிறார்கள், எதில் அணைக்கிறார்கள். பார்க்க விசித்திரமாக இருக்கிறது என்பதற்காக ஒருவர் செய்த மாடிஃபிகேஷன் மேல் முதல் பழியைப் போடாதீர்கள். அந்த லைட் சுவிட்ச் கடைசிவரை ஒரு தப்பும் செய்யவில்லை. வீட்டில் இருப்பவர்களின் பழக்கத்தைக் கோளாறு என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் கை கழுவுவது சுலபம். பழக்கத்துக்குத் தக்கபடி மெஷினைத் தயார் செய்வதுதான் நம் வேலை.

இன்னொன்றும் உண்டு. என் சர்க்யூட்டைப் பற்றி நான் கொஞ்ச நாள் பெருமையாகத் திரிந்தேன். பிறகு நிதானமாக யோசித்தால், அது இருப்பதைத்தான் காப்பாற்றும். போனதைத் திருப்பித் தராது. நான்கு முறை அழிந்த பிறகும் ஐந்தாம் முறை முதல் பள்ளத்தின் முன்னால் போய் நின்றது அந்த மனிதர்தான். அவர் ஆடவில்லை என்றால் என் ஜீனரும் டிரான்சிஸ்டரும் காலி கேசட்டுக்குக் காவல் இருந்திருக்கும். அதற்காக அவருக்கு நான் நன்றி சொல்ல வேண்டும், சொல்லியும் இருக்கிறேன்.

அதற்கப்புறம் பெட்டி வரவில்லை. வராதது நல்லதுதான் என்றாலும், இரண்டு மூன்று மாதம் எந்தத் தகவலும் இல்லாததால் எனக்குள் ஒரு உறுத்தல். அடுத்த வருடம் ஒரு நாள் சேகரும் தனமும் துணி எடுக்க சிவாஜிநகர் வந்தவர்கள் கடைக்குள் எட்டிப் பார்த்தார்கள். இரண்டு பேர் கையிலும் பை. நான் முதலில் கேட்டது பெட்டியைப் பற்றித்தான்.

"கேம் எப்படி ஓடுது?"

சேகர் தனத்தைப் பார்த்தார். தனம் சிரித்தார்.

"அது தூசி புடிச்சுக் கெடக்குது மேடம்" என்றார் சேகர். "எங்க ஆடறது? இன்ஸ்பெக்ஷன்லயே மறுபடி எடுத்துக்கினாங்க. நாள் பூரா மைக்ரோமீட்டர். ஷிஃப்ட் முடிஞ்சு வந்தா படுத்தாப் போதும்னு இருக்குது."

அவ்வளவு பாடுபட்டுச் செய்த சர்க்யூட் சும்மா கிடக்கிறதே என்று ஒரு நொடி மனம் சுருங்கியது. அடுத்த நொடி அவர் என்ன சொன்னார் என்பது உறைத்தது. கவுண்டரைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்து தனத்தைக் கட்டிக்கொண்டேன்.

எத்தனையோ பொருட்களை ஓட வைத்திருக்கிறேன். ஓடாமல் கிடக்கிறது என்று கேட்டுக் கடவுளுக்கு நன்றி சொன்னது அந்த ஒரு பெட்டிக்குத்தான்.